நடுவில் நின்ற முள்

முள் நடுவிலேயே நின்றது. பொள்ளாச்சியில் பஸ்ஸை எடுத்தபோதும் நடுவில், ஆழியாறு அணைக்கட்டின் மீன் கடைகளைத் தாண்டியபோதும் நடுவில், இப்போது மலையடிவாரச் செக்போஸ்டில் கம்பு தூக்கக் காத்து நிற்கும்போதும் அதே நடுவில். ஹீட் மீட்டரில், குளிருக்கும் சூட்டுக்கும் சரிசமமாக, எந்தப் பக்கமும் சாயாத பெரிய நியாயவான் போல நின்றது. நாச்சிமுத்துவுக்கு நியாயவான்களைக் கண்டாலே ஆகாது. நடுவில் நிற்கிறேன் என்பவன் யாரோ ஒரு முதலாளிக்காகத்தான் நிற்கிறான் என்று டிப்போ வாசலில் எத்தனை முறை தொண்டை கிழியப் பேசியிருப்பார். இன்ஜின் என்றால் காலையில் குளிர்ந்து கிடக்கும், ஓட ஓடச் சூடேறும், முள்ளும் தரையிலிருந்து எழுந்து மெல்ல மேலே வரும். இந்த முள் எழவே இல்லை. முதலிலிருந்தே எழுந்து உட்கார்ந்திருந்தது. இதைப் பொள்ளாச்சியிலேயே ஏன் பார்க்கவில்லை? பார்த்தேன், பார்த்ததைப் பார்க்காதது போல வைத்துக்கொண்டேன், ஏனென்றால் மலைமேல் தெய்வானை மத்தியானம் வரைக்கும்தான் இருப்பாள். அப்படித்தான் போனில் சொன்னாள். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள், ஓய்வு பெற்றவளுக்குத் தேயிலை எஸ்டேட் தரும் லயத்து வீடு கிடையாது, இன்று வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும், தங்கச்சி மகன் ஜீப் கொண்டு வருகிறான், மலையின் அந்தப் பக்கமாகக் கேரளத்துக்கு இறங்கிப் போய்விடுவாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு சுவர் சொந்தமில்லை என்று அவருக்குள் உடனே ஒரு நோட்டீஸ் ஓடியது, தடித்த எழுத்தில், கீழே வெளியிடுவோர் பெயரோடு. அவள் நோட்டீஸ் கேட்கவில்லை. “முடிஞ்சா ஒரு நடை வந்துட்டுப் போங்க தோழரே. முடியாட்டிப் பரவாயில்ல” என்றாள். தோழரே என்று அவள் சொல்வது எப்போதும் கேலிதான். அந்தக் கேலியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அதற்காகத்தான் சமவெளியில் மில் ஷிப்ட் வண்டி ஓட்டுகிறவர், அதே பஸ் கம்பெனியில் இருக்கும் பழைய டிப்போத் தோழன் அந்தோணியிடம் கெஞ்சி, ஆமாம் கெஞ்சித்தான், அவனுடைய மலை வண்டியை இன்று ஒருநாள் வாங்கிக்கொண்டு வந்தார். யாரிடமும் கெஞ்சாத நாச்சிமுத்து.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். கரன்ட் நின்றால் மீட்டர் முள் சரிந்து விழ வேண்டும். டீசல் முள் விழுந்தது, பக்கத்தில் இருந்த ஹீட் மீட்டரின் முள் விழவில்லை. பின்னாலிருந்து கண்டக்டர் குப்புராஜ் வந்து எட்டிப் பார்த்தான். “என்னங்ணா, கம்பு தூக்கிட்டாங்க, எடுக்கலீங்களா?” “மீட்டர் செத்துக் கெடக்குது.” “எங்கீங்ணா செத்துச்சு, நடுவுல ஜம்முனு நிக்குதுங்க, அது மேல போனாத்தானுங்களே ஆகாது?” இன்ஜினை மூடியிருக்கும் பேனட்டுக்குப் பக்கத்து சீட்டில் இரண்டு பையும் ஒரு கோழியுமாக உட்கார்ந்திருந்த சரசு சிரித்தாள். தெய்வானை இருக்கும் அதே எஸ்டேட்டில் வேலை செய்பவள், அவரைத் தெரியும். “அந்தோணியண்ணன் தெனமும் இதே முள்ள வெச்சுத்தான் ஏத்துறாரு. ஒங்க மூஞ்சியப் பாத்ததும் அதுக்குக் கோவம் வந்துருச்சோ என்னமோ.” பின் சீட்டில் ஒருவர், “யூனியன்காரரு வண்டில ஏறினா இப்பிடித்தான், ஊருக்குப் போன மாதிரிதான்” என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. நாச்சிமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. சிரியுங்கள், உங்களுக்காகத்தான். இந்தச் சனம் இப்படித்தான், யாருக்காகத் தலையைக் கொடுக்கிறோமோ அவர்கள் அந்தத் தலையில் எண்ணெய் அதிகம் என்பார்கள். சரி, முள்தான் செத்ததா, ஒயர் அறுந்ததா, இன்ஜின் தலையில் திருகியிருக்கும் சென்சார் போனதா, ஒன்றொன்றாகப் பார்க்க வேண்டும். பேனட்டின் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினார். சூடு முகத்தில் அடித்தது. எரிந்த ஆயிலின் வாசனையோடு, கருகிய சாக்கின் வாசனையும் வந்தது, அல்லது வந்ததாக மனசு எடுத்துக்கொண்டது, ஏனென்றால் பேனட் என்றால் அவருக்குச் சாக்கு, சாக்கு என்றால் தெய்வானை.

அவர் அரசு டிப்போவில் மலை வண்டி ஓட்டிய காலம். எஸ்டேட் நிறுத்தத்தில் பனியோடு ஏறுவாள். சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள், நேராக முன்னால் வந்து, கையிலிருக்கும் சாக்கை நாலாக மடித்துப் பேனட் மேல் போட்டு அதன்மேல் உட்காருவாள். குளிருக்கு அந்த இடம் சுகம், எல்லாப் பெண்களும் அதற்குப் போட்டி போடுவார்கள், ஆனால் அவளுக்கு யாராவது நகர்ந்து இடம் விடுவார்கள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் கொழுந்துக் கறையில் கறுத்திருக்கும். அந்த விரல்களை இன்ஜின் சூட்டில் காய்ச்சிக்கொண்டே பேசுவாள். “இன்னைக்கு ஒங்க இன்ஜினுக்குக் காய்ச்சல், தோழரே.” அப்போது அந்த வண்டியில் ஹீட் மீட்டர் வெறும் வட்டக் கண்ணாடி, உள்ளே முள்ளே இல்லை. அவள் சொன்னால் அடுத்த ஊற்றுத் தண்ணியில் நிறுத்துவார். ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. காய்ச்சல், லேசாக் கணகணப்பு, இன்னைக்கு நல்லாத் தூங்கி எந்திரிச்சிருக்கு, என்று இன்ஜினுக்கு அவளிடம் ஒரு தனி வைத்தியம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னாலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான். அந்த இடம்தான் அவர்கள் குடும்பம் நடத்திய இடம் என்றுகூடச் சொல்லலாம், அவர் ஸ்டியரிங்கில், அவள் பேனட்டில், நடுவில் கியர் கம்பி. சென்சார் எங்கே இருக்கிறது, இதோ, பித்தளைத் தலை, மேலே ஒற்றை ஒயர். கையைச் சுட்டுக்கொண்டு ஒயரைப் பிடுங்கினார். “குப்புராஜு, சாவியப் போட்டு முள்ளப் பாரு. ஸ்டார்ட் பண்ணாத.” ஒயரின் நுனியை இன்ஜின் உடம்பில் தொட்டார். நல்ல மீட்டர் என்றால் இந்நேரம் முள் பாய்ந்து சிவப்பில் முட்டியிருக்க வேண்டும். “நடுவுலயே நிக்குதுங்ணா.” எடுத்தார், மறுபடி தொட்டார். “அப்பிடியேதானுங்க. தியானத்துல இருக்குது.” அப்படியானால் சென்சார் மேல் குற்றமில்லை. ஒயரா, மீட்டரா? ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, கிளட்ச் பெடலுக்கும் ஸ்டியரிங் தடிக்கும் நடுவில் தலையை நுழைத்தபோது வயது தெரிந்தது. இடுப்பில் பழைய லத்தி அடி ஒன்று விழித்துக்கொண்டது. எந்த மறியலில் வாங்கியது என்பது மறந்துபோயிற்று, வலி மட்டும் மறக்கவில்லை. மறக்காதது சக டிரைவர் ராமலிங்கத்தின் முகம். மீட்டர் செத்த வண்டியை மேலே ஏற்றி, இன்ஜின் கொதித்து நின்று, எவ்வளவு கொதித்திருக்கிறது என்று தெரியாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்தான் ராமலிங்கம். பீறிட்ட வெந்நீரில் முகத்தில் பாதி போயிற்று. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் நாச்சிமுத்து அந்த விதியைக் கண்டுபிடித்தார். நிர்வாகம் போட்ட விதிதான், வேறு யாரும் எழுதியதில்லை: மீட்டர் வேலை செய்யாத வண்டி வெளியே போகக் கூடாது. ஸ்டிரைக் வேண்டாம் தோழர்களே, விதிப்படி வேலை செய்வோம், அது போதும். மறுநாள் காலை டிப்போவில் ஒரு வண்டி நகரவில்லை. எல்லா வண்டியிலும் ஏதாவது ஒரு மீட்டர் செத்திருந்தது. அதிகாரி கையெடுத்துக் கும்பிட்டான், கும்பிட்டதை இவர் இன்றுவரை நூறு பேருக்காவது சொல்லியிருப்பார். பெட்டி பெட்டியாகப் புது மீட்டர் வந்தது. முதல் மீட்டர் மாட்டிய வண்டியை மாலை போட்டு இவரே எடுத்தார். மாலை போட்ட வண்டியில் தெய்வானை ஏறி, சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும் காய்ச்சல் என்றாள். இவர் முள்ளைப் பார்த்துவிட்டு, “இல்லியே, நடுவுலதான் நிக்குது” என்றார். அவள் இறங்கும்போது, “மீட்டர் வந்துருச்சு, இனி என்னைய எதுக்குக் கேப்பீங்க” என்று சிரித்தாள். சிரிப்பு என்றுதான் அன்று நினைத்தார். இத்தனை வருஷம் கழித்து, கிளட்ச் பெடல் காதில் இடிக்க மல்லாந்து கிடக்கும்போது, அது சிரிப்புத்தானா என்று ஒரு சந்தேகம்.

மீட்டர் கையோடு வந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைச் சுற்றிய தகர வளையத்தை யாரோ நெம்பித் திறந்து மறுபடி அழுத்தியிருந்தார்கள். ஸ்க்ரூடிரைவரால் அவரும் நெம்பினார். முள்ளின் அடியில் அரக்கு நிறத்தில் ஒரு துளிப் பசை, காய்ந்து கல்லாக. நேராக நடுவில் வைத்து ஒட்டியிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அந்தோணிக்குப் போன் போட்டார். “யாருடா ஒட்டினது இத? கம்பெனிக்காரனா?” “நாந்தாண்ணே.” கூச்சமே இல்லாமல் சொன்னான் அந்தோணி, டிப்போவில் இவருக்குப் பின்னால் நின்று கோஷம் போட்ட அதே குரலில். “முள்ளு மேல ஏறுறதப் பாத்தா பேனட் பக்கத்துல ஒக்காந்திருக்கிற சனம் கத்துதுண்ணே. நான் கை வெச்சே பாத்துக்குவேன். பழைய வழக்கந்தானே.” “என்ன பழைய வழக்கம்?” “அட, நம்ம டிப்போ வழக்கம்ணே. புது மீட்டர் வந்துச்சே, அந்த மாசமே எல்லாரும் ஒட்டிட்டோம்ல. ஒங்களுக்குத் தெரியாதா?” “நிர்வாகம் ஒட்டச் சொல்லுச்சா?” “நிர்வாகத்துக்கு என்னண்ணே தலையெழுத்து? நாமதான். முள்ளு ஏறுனா விதிப்படி நிக்கணும். நீங்க தூக்கிப் பிடிச்ச விதி. வழியில நின்னா கடைசி நடை போச்சு, டிப்போவுலயே படுக்கணும். வீட்டுக்கு எப்பப் போறது? பொண்டாட்டி கதவத் தொறந்து வெச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பா.” “எங்கிட்ட ஏண்டா சொல்லல?” அந்தோணி சிரித்தான். “சொன்னா கூட்டம் போட்ருவீங்களே அண்ணே.”

கூட்டம் போட்ருவீங்களே. போனை மடியில் வைத்துக்கொண்டு அவர் அணைத் தண்ணீரைப் பார்த்தார். வெயில் அதன்மேல் நடந்துகொண்டிருந்தது. எல்லா வண்டியிலும் என்றால், எல்லாத் தோழர்களும். மாலை போட்டவன், தோளில் தூக்கியவன், ராமலிங்கத்தின் முகத்துக் கட்டைப் பார்த்து அழுதவன், எல்லாரும் ஒரு துளிப் பசையோடு இவர் முதுகுக்குப் பின்னால் குனிந்திருக்கிறார்கள். துரோகிகள் என்ற சொல் வாயில் வந்து நின்றது. எத்தனையோ நோட்டீஸில் எழுதிய சொல், கை பழகிய சொல், ஆனால் இன்று அது வெளியே வராமல் முரண்டு பிடித்தது. ஏனென்றால் அதன் பின்னாலேயே வேறொன்று வந்துவிட்டது: கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவர்கள் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டார்கள். அவ்வளவுதான் குற்றம். முள் ஒட்டாமல் ஓட்டிய ஒரே வண்டி இவருடையது, வீட்டுக்குப் போகாத ஒரே ஆளும் இவர்தான். போராட்டங்களால் டிப்போ வேலை போனபின், தெய்வானையின் லயத்து வீட்டில் வந்து தங்கக்கூட எஸ்டேட் மேனேஜர் தடுக்கவில்லை. “லயத்துக்குள்ள வாயத் தொறக்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்து தங்கச் சொல்லு” என்றான், அவ்வளவே. ஒரு வார்த்தை. “எம் மானத்தக் கழட்டி வாசல்ல வெச்சுட்டு உள்ள வரச் சொல்றியா?” என்று அவளிடம் கத்திவிட்டு மலையை விட்டு இறங்கினார். சரியாகத்தான் கத்தினார், இன்றைக்கும் அந்த மேனேஜர் வந்து கேட்டால் அதே பதில்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவள் என்ன செய்வாள், வேலையை விட்டால் வீடு போகும், வீட்டை விட்டால் சோறு போகும். விசேஷத்துக்கு இறங்கி வருவாள். சங்க ஆபீசில் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பேச்சு முடியக் காத்திருப்பாள். பிறகு பொங்கலுக்கு மட்டும். பிறகு போன் மட்டும். பிறகு போனும், அவரே பேசிக்கொண்டு போவார், “நோட்டீஸ் மாதிரிப் பேசாதீங்க” என்று வைத்துவிடுவாள். மான ரோஷமெல்லாம் சரி, ஆனால் கறுத்த அந்த இரண்டு விரல்களை எதற்கு ஈடாக வைத்தேன் என்று எந்த நோட்டீஸும் சொல்லவில்லையே.

“எப்பிடீங்ணா, போலாமுங்களா?” குப்புராஜ் மணியைப் பார்த்தான். ஒட்டிய மீட்டரைத் திரும்ப அதே ஓட்டையில் அழுத்திவிட்டுக் கிளம்பலாம். பேனட்டில் கை வைத்தே ஓட்டலாம். மத்தியானத்துக்கு முன்னால் மேலே நிற்கலாம். யார் கேட்கப் போகிறார்கள், விதி சொன்னவனே மீறினால் அந்த விதிக்கு வாய் ஏது? கை அந்த மீட்டரை நோக்கிப் போகவும் செய்தது. அப்புறம் எதற்கோ, பழக்கம்தான், வண்டியில் கிடந்த சாக்கை நனைத்து மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேடியேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஆவி சீறி அடங்கியதும் உள்ளே பார்த்தார். தண்ணீர் தெரியவில்லை. அடியில் எங்கோ இருந்தது. அந்தோணி தினமும் கை வைத்துப் பார்த்த லட்சணம். இந்தச் சனத்தையும் கோழியையும் ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில், நடுவில் நிற்கும் முள்ளை நம்பி. “வண்டி இப்ப போகாது” என்றார். குரல் பழைய கேட் மீட்டிங் குரலாகவே வந்தது. “மீட்டர் மாத்தித்தான் எடுப்பேன். அவசரமிருக்கிறவங்க பின்னால வர்ற வண்டில ஏறிக்குங்க.” பெரிய சத்தம் போட்டார்கள், வசவும் வந்தது. பின்னாலேயே வேறொரு பஸ் வந்ததும் பாதிப் பேர் அதில் ஏறினார்கள். சரசு கோழியை இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள். “தெய்வானக்காவப் பாக்கத்தானே வந்தீங்க? நான் முன்னால போறேன். என்ன சொல்லணும்?” அவர் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தார். இரு என்று சொன்னால் போதும், அவ்வளவுதான், இரண்டு எழுத்து. “வண்டி நிக்குதுன்னு சொல்லு.” “அம்புட்டுத்தானா?” “அம்புட்டுத்தான்.” சரசு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “ஊருக்கே மைக்குல பேசுறீங்க, பொண்டாட்டிக்குச் சொல்ல ஒங்ககிட்ட ஒண்ணுமில்ல, என்ன?” என்றுவிட்டு ஓடிப் போய் ஏறிக்கொண்டாள். அந்த பஸ் முதல் வளைவில் திரும்பி மறைந்தது. அதன் புகை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

கம்பெனியின் பழைய ஷெட் பக்கத்திலேயே இருந்தது. டயர் இல்லாமல் கல்மேல் ஏற்றி வைத்த ஒரு செத்த பஸ், கழற்ற வேண்டியதையெல்லாம் கழற்றியாகிவிட்ட எலும்புக்கூடு. மீட்டர் மட்டும் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார், முள் குளிர்ப் பக்கத்து அடியில் விழுந்து கிடந்தது. கையில் வைத்துக் குலுக்கினார், முள் ஆடியது. யாரும் ஒட்டவில்லை. செத்த வண்டியில்தான் மிச்சமிருக்கிறது யோக்கியமான முள் என்று ஒரு வரி தோன்றியது, நல்ல வரி, முன்பென்றால் உடனே எழுதி வைத்திருப்பார். இப்போது பின்பக்கத்தில் இருபத்துநாலு வோல்ட் என்று பொறித்திருக்கிறதா என்பதுதான் முக்கியம். இருந்தது. திரும்பி வந்து மறுபடி மல்லாந்தார். சாவியிலிருந்து வரும் ஒயர், சென்சாரிலிருந்து வரும் ஒயர், பாடிக்குப் போகும் எர்த் ஒயர். எர்த் முனை துருப்பிடித்திருந்தது, கத்தியால் சுரண்டினார். துரு கண்ணில் விழுந்தது. கண்ணில் நீர் வந்தது துருவினால்தான். இந்நேரம் அவள் பாத்திரங்களை மூட்டை கட்டியிருப்பாள். அந்தச் சாக்கு இருக்குமா, எத்தனை சாக்கு மாற்றியிருப்பாள், கடைசிச் சாக்கை எதற்கு வைத்திருக்கப் போகிறாள். ஜீப்பில் பேனட் வெளியே இருக்கும், அதன்மேல் உட்கார முடியாது. அந்தப் பக்கத்து மலையில் இறங்கிவிட்டால் பாஷை வேறு, ரோடு வேறு, எந்த வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது? நட்டை முறுக்கினார். வழுக்கியது. மெதுவாக, மெதுவாக, இழை தப்பினால் எல்லாம் முதலிலிருந்து. “குப்புராஜு, சாவியப் போடு.” எழுந்து போய்ப் பிடுங்கிய ஒயரை எடுத்து இன்ஜின் உடம்பில் தொட்டார். “அய்யோ அண்ணா, சிவப்புல போயி அடிச்சிருச்சுங்!” எடுத்தார். “வுழுந்துருச்சுங்!” உள்ளே இருந்த மிச்சப் பேர் எட்டிப் பார்த்தார்கள். வசவு பாடியவரும் பார்த்தார். ஒயரைச் சென்சாரில் மாட்டினார். இன்ஜின் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்து மெல்ல ஓடவிட்டு, அணையிலிருந்து கொண்டு வந்த குடங்களைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சாய்த்தார். ரேடியேட்டர் நாள் கணக்கில் தாகத்தோடு இருந்த மாடு போலக் குடித்தது.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். தண்ணீர் சேர்ந்ததில் முள் அடியில் கிடந்தது. இனி அது எழ வேண்டும். எழுகிற முள்ளைப் பார்த்துத்தான் வண்டியை எடுக்கலாம், அதுவரை காத்திருக்க வேண்டும், வேறு வழியில்லை. போன் அடித்தது. தெய்வானை. எடுத்துக் காதில் வைத்தார். “சரசு போன் போட்டா. வண்டி நிக்குதாமே.” “நிக்குது.” “மீட்டரா?” “மீட்டர்தான்.” அவள் மூச்சு விடும் சத்தம் கேட்டது, அதற்குப் பின்னால் ஒரு டீசல் இன்ஜின் நிற்காமல் ஓடும் சத்தமும். “ஜீப் வந்து நிக்குது. மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. பையன் அவசரப்படுறான். போகச் சொல்லவா, நிக்கச் சொல்லவா?” கேலி இல்லை. தோழரே இல்லை. எத்தனை வண்டியை நிறுத்தச் சொன்ன வாய் இது, டிப்போவையே நிறுத்திய வாய், நெடுஞ்சாலையில் படுத்து லாரிகளை நிறுத்திய வாய், இந்த ஒரு ஜீப்பை நிறுத்தச் சொல்லத் தவித்தது. என்ன உரிமையில் சொல்வேன், எந்த விதியில் இருக்கிறது? விதி ஏதும் இல்லை. பின்சீட்டில் யாரோ இருமினார்கள். “நிக்கச் சொல்லு, புள்ள” என்றார். கோஷம் போடத் தெரிந்த தொண்டையிலிருந்து அது கேட்டும் கேட்காமலும் வந்தது. “நான் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லு.”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த டீசல் இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. மலையின் அமைதி போனுக்குள் வந்தது, ஏதோ பறவை, யாரோ விறகு பிளக்கும் சத்தம். “சாவியக் குடுத்துட்டேன்” என்றாள். “உள்ள போக முடியாது. படியில ஒக்காந்திருக்கேன். குளுருது.” அப்புறம், “முள்ளு என்ன சொல்லுது?” என்றாள். அவர் பார்த்தார். அடியில் கிடந்த முள் ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. நகர்ந்ததா, கண் ஏமாற்றுகிறதா? மறுபடி நகர்ந்தது. “ஏறுது” என்றார். “அப்ப ஏறட்டும். தாண்டி ஏறுச்சுன்னா நின்னு தண்ணி ஊத்திட்டு வாங்க. சீக்கிரம்னு நான் சொல்ல மாட்டேன்.”

குப்புராஜ் விசில் அடித்தான். செக்போஸ்டில் கம்பு மேலே போயிற்று. நாச்சிமுத்து ஈரச் சாக்கைப் பிழிந்து, நாலாக மடித்து, பேனட் மேல் போட்டார். போய்ச் சேர்வதற்குள் காய்ந்துவிடும். முதல் கியரைப் போட்டு, முள்ளில் ஒரு கண் வைத்து, பழைய பழக்கத்தில் இடது கையை அந்தச் சாக்கின்மேல் ஒரு நொடி வைத்தார். கையும் முள்ளும் ஒன்றையே சொல்லின.